ஐஸ் போட்ட ஸ்ட்ராபெர்ரி பானம்: காபிக்கடைச் சுவையை வீட்டில் வரவழைப்பது எப்படி?

காபிக்கடையில் குடித்த இளஞ்சிவப்பு ஸ்ட்ராபெர்ரி பானத்தை உங்கள் மகளுக்காக வீட்டில் இரண்டு முறை செய்து பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். முதல் முறை பழத்தை மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, ஐஸ் போட்டுக் கொடுத்தபோது நான்கு வாய்க்குள் சப்பென்று ஆகிவிட்டது. இரண்டாவது முறை பால் சேர்த்ததும் திரிந்துபோனது. கடையில் அப்படி என்னதான் சேர்க்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். இந்த இரண்டு கோளாறுகளுக்கும் காரணம் வெவ்வேறு. இரண்டையும் வீட்டுச் சமையலறையிலேயே சரிசெய்துவிடலாம். ஆனால் அளவுகளை மட்டும் சொல்லிவிட்டுப் போனால், அடுத்த முறை புளிப்பான பழம் கிடைக்கும்போது மறுபடியும் தடுமாற நேரிடும் என்பதால், காரணங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் நிறம், தேங்காய்ப்பால் மணம், மேலே மிதந்த பழத்துண்டுகள் ஆகியவற்றை வைத்துப் பார்த்தால், அது ஸ்டார்பக்ஸ் கடைகள் பரப்பிய ‘பிங்க் டிரிங்க்’ வகையைச் சேர்ந்தது. அந்த நிறுவனம் 2012-இல் அமெரிக்காவில் ‘ரெஃப்ரெஷர்’ என்ற பெயரில் பழச்சுவைக் குளிர்பானங்களை அறிமுகப்படுத்தியது. பின்னர் வந்த ஸ்ட்ராபெர்ரி அசாயீ (அசாயீ என்பது ஒரு பனைப்பழம்) வகையில் தண்ணீருக்குப் பதிலாகத் தேங்காய்ப்பால் ஊற்றித் தரும்படி வாடிக்கையாளர்களே கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். 2016-இல் அதன் படங்கள் இன்ஸ்டாகிராமில் பரவின. 2017-இல் அது முறையான பட்டியலில் இடம்பெற்றது. இந்தப் பானத்தின் அடிப்படை, பிழிந்த ஸ்ட்ராபெர்ரிச் சாறு அன்று. தண்ணீர், சர்க்கரை, வெள்ளைத் திராட்சைச் சாற்றின் அடர்கரைசல், சிட்ரிக் அமிலம், சுவையூட்டிகள், பச்சைக் காபிக்கொட்டையின் சாரம் ஆகியவை கலந்த ஒரு திரவம் பெட்டியில் அடைத்துக் கடைக்கு வருகிறது. பெயரில் உள்ள பழம் பானத்தில் இல்லை என்று கூறி நியூயார்க்கில் வழக்கே தொடுக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அந்த வழக்கின் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்ய மறுத்துவிட்டது. இதைச் சொல்வது கடையைக் குறை கூறுவதற்காக அன்று. உண்மையான பழத்தைக் கொண்டு வீட்டில் செய்யும் பானம் கடைப் பானத்தின் அச்சாக இருக்க வேண்டியதில்லை, அதைவிடப் பழமணம் மிக்கதாகவே இருக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே கடையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் பொருள்களை அன்று, அதன் முறையை. அந்த முறை நமக்குப் புதியதும் அன்று. நன்னாரி சர்பத் கடையில் என்ன செய்கிறார்கள்? அப்படியே குடிக்க முடியாத அளவுக்குத் திடமான பாகை முன்கூட்டியே காய்ச்சி வைத்திருந்து, கேட்பவருக்குக் கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, எலுமிச்சையைப் பிழிந்து, ஐஸும் குளிர்ந்த தண்ணீரும் சேர்த்துத் தருகிறார்கள். காபிக்கடையின் பழபானமும் அதே கணக்குதான். நீங்கள் பழத்தைச் சாறாக்கி, அந்தச் சாற்றிலேயே ஐஸைப் போட்டீர்கள். ஸ்ட்ராபெர்ரியில் ஏறத்தாழ 91 சதவீதம் தண்ணீர், சர்க்கரையோ 5 சதவீதம்தான். அதன்மேல் ஐஸும் கரைந்தால் சப்பென்றுதான் இருக்கும்.

ஐஸைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். ஐஸைக் குளிர்ச்சிக்கான பொருளாக மட்டுமே நினைக்கிறோம். உண்மையில் அது பானத்தில் பின்னால் வந்து சேரும் தண்ணீர். 1 கிராம் ஐஸ் கரையும்போது உறிஞ்சிக்கொள்ளும் வெப்பம், 80 கிராம் தண்ணீரை 1 டிகிரி குளிர்விக்கப் போதுமானது. கோடைகாலச் சமையலறையில் 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் 200 மி.லி. பானத்தை ஐஸ் போட்டே 2 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டுமானால், 50 முதல் 70 கிராம் வரை ஐஸ் கரைந்தாக வேண்டும். அதாவது முதல் வாய் குடிப்பதற்குள் பானத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் தண்ணீர் கூடிவிடுகிறது. அதே 200 மி.லி. முன்பே ஃப்ரிட்ஜில் 5 டிகிரிக்குக் குளிர்ந்திருந்தால் அந்த வேலைக்காகக் கரையும் ஐஸ் மிகச் சொற்பம். பாகு, தண்ணீர், தேங்காய்ப்பால் என எல்லாவற்றையும் தனித்தனியே குளிரவைத்த பிறகே கலக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். இந்த ஒன்றை மட்டும் மாற்றினாலே உங்கள் முதல் கோளாறில் பாதி தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி நாக்கில் இருக்கிறது. குளிர்ச்சியில் இனிப்பு நமக்குக் குறைவாகவே தெரியும். உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவதும் உறைந்த ஐஸ்கிரீம் அளவாக இனிப்பதும் இதன் காரணமாகத்தான். ஆகையால் சாதாரண வெப்பத்தில் சுவைத்துப் பார்க்கும்போது ‘இனிப்பும் புளிப்பும் ஒரு பிடி அதிகம்’ என்று தோன்றினால்தான் ஐஸில் அது சரியாக இருக்கும்.

இனி பழம். ஸ்ட்ராபெர்ரி பறித்த பிறகு பழுக்காது. மாம்பழத்தைப் போல வைக்கோலில் வைத்துக் காத்திருப்பதில் பயனில்லை. காம்பின் தோள்வரை சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். தோள் வெளுத்திருந்தால் உள்ளேயும் வெளுப்புதான். பெட்டியை மூக்கருகே கொண்டுபோனால் மணம் வர வேண்டும். பெரிய பழத்தைவிடச் சிறிய பழமே பெரும்பாலும் மணமானது. மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர் பழங்கள் பனிக்காலம் தொடங்கி வேனில் தொடக்கம் வரை நன்றாக வரும்; 2010-இல் புவிசார் குறியீடு பெற்றவை அவை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கிடைக்கும் பழங்களில் புளிப்பு சற்றுத் தூக்கலாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படியானால் எலுமிச்சையைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். பருவம் இல்லாத மாதங்களில் வெளுத்த பழத்தை அதிக விலைக்கு வாங்குவதைவிட, நன்கு பழுத்தபோது பறித்து உறையவைத்த பழத்தை வாங்குவது மேல். உறையும்போது பழத்தின் செல்கள் ஐஸ் படிகங்களால் கிழிபடுவதால் சாறும் விரைவாக இறங்கும். நமக்கு அது வசதியே.

பாகு செய்யும் விதம் இது. 300 கிராம் ஸ்ட்ராபெர்ரியைக் காம்புடனேயே கழுவிக்கொள்ளுங்கள். காம்பைக் கிள்ளிவிட்டுக் கழுவினால் தண்ணீர் உள்ளே ஏறி மணம் நீர்த்துப்போகும். துணியில் ஈரம் ஒற்றியெடுத்த பிறகு காம்பை நீக்கி, கால் அங்குலத் துண்டுகளாக நறுக்கி, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் இட்டு, 150 கிராம் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, இரண்டு விரலால் எடுத்த சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் புரட்டி, மூடி, இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். அடுப்பே தேவையில்லை. அரை மணி நேரத்தில் துண்டுகளின் ஓரம் பளபளக்கத் தொடங்கும். இரண்டு மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் சிவந்த நீர் கோத்துக்கொள்ளும், அதன் கீழே சர்க்கரை மணல் போலப் படிந்திருக்கும். ஒரு முறை கிளறிவிடுங்கள். காலையில் பார்த்தால் சர்க்கரை முழுவதும் கரைந்து, துண்டுகள் சுருங்கி, மாதுளை நிறத்தில் தெளிந்த பாகில் மிதக்கும். அதை மெல்லிய வலை வடிகட்டியில் ஊற்றித் தானாக வடியவிடுங்கள். கரண்டியால் அழுத்திப் பிழியாதீர்கள். பிழிந்தால் சதை இறங்கிக் கலங்கிவிடும். ஏறத்தாழ 200 மி.லி. பாகு கிடைக்கும், நான்கு கிளாஸுக்குப் போதும்.

மிக்ஸியில் அடித்தால் வேலை விரைவில் முடியுமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் பல நாள் அப்படித்தான் செய்தேன். மிக்ஸியின் கத்தி பழத்தின் மேலுள்ள விதைகளை உடைத்துக் கசப்பை இறக்குகிறது. காற்றை அடைத்து நுரைக்கவைத்து நிறத்தை வெளுக்கச் செய்கிறது. கிடைப்பது ஏறக்குறைய மில்க்‌ஷேக். கடைப் பானத்தில் நம்மைக் கவர்வது அதன் தெளிவும் லேசான தன்மையும்தான், அவை இதில் இருக்காது. அடுப்பில் கொதிக்கவைத்தாலோ புதுப்பழத்தின் மணம் போய் ஜாம் வாசனை வந்துவிடும், சிவப்பும் பழுப்பேறும். புளூபெர்ரிக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. அதன் நிறம் தோலில்தான் இருக்கிறது, உள்ளே சதை வெளிறியது. எனவே அதைச் சர்க்கரையோடும் சிறிது தண்ணீரோடும் ஐந்து முதல் எட்டு நிமிடம் மிதமான தீயில் வைத்துத் தோல் வெடித்த பிறகு வடிகட்டுவதே சரி.

கலக்கும்போது, 473 மி.லி. கொள்ளும் கடைக் கோப்பை அளவுக்கு, 45 மி.லி. பாகு, அதாவது மூன்று மேசைக்கரண்டி; 150 மி.லி. குளிர்ந்த தண்ணீர், இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கோப்பை நிறைய ஐஸ், ஏறத்தாழ 180 கிராம். பெரிய கட்டிகளாக இருக்கட்டும். தூளாக்கிய ஐஸ் கண்மூடித் திறப்பதற்குள் கரையும். எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் இட்டுப் பத்துப் பன்னிரண்டு முறை வேகமாகக் குலுக்குங்கள். ஜாடியின் வெளிப்புறம் பனித்துளி பூக்கும்போது நிறுத்தினால் போதும். கரண்டியால் கலக்கினால் பாகு அடியிலேயே தங்கிவிடும். கடைப் பானத்தில் இருக்கும் அந்த மெல்லிய திராட்சைச் சுவை வேண்டுமானால், தண்ணீரில் 60 மி.லி.யைக் குறைத்து, அதே அளவு பச்சைத் திராட்சைச் சாற்றை வடிகட்டிச் சேர்த்து, பாகை இரண்டு மேசைக்கரண்டியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், திராட்சை சேர்த்தபோது அது கடைப் பானத்துக்கு மிக நெருங்கி வந்தது. சேர்க்காதபோது ஸ்ட்ராபெர்ரி துலக்கமாக இருந்தது. எனக்கு இரண்டாவதே பிடிக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்வி பால் திரிந்தது பற்றியது. பசும்பாலில் உள்ள கேசீன் என்ற புரதம், அமிலத்தன்மையின் அளவான பி.எச். (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-ஐ நெருங்கும்போது கட்டியாகும். எலுமிச்சை விட்டுப் பன்னீர் எடுப்பதும் இதே செயல்தான். ஸ்ட்ராபெர்ரியின் பி.எச். 3-இலிருந்து 4-க்குள் இருக்கும். எலுமிச்சை அதைவிடக் கடுமையான புளிப்பு. ஆகவே நீங்கள் எவ்வளவு மெதுவாக ஊற்றியிருந்தாலும் அந்தப் பால் திரிந்தே இருக்கும். உங்கள் கைப்பிழை எதுவுமில்லை. தேங்காய்ப்பாலில் கேசீன் கிடையாது என்பதால்தான் இந்தப் பானத்துக்கு அது ஏற்றதாகிறது.

ஆனால் எந்தத் தேங்காய்ப்பால் என்பதில் கவனம் வேண்டும். ஆப்பத்துக்கு ஊற்றும் கெட்டியான முதல் பாலை இதில் ஊற்றினால், சில விநாடிகளில் வெள்ளைத் துணுக்குகளாக மிதக்கும். அது திரிதல் அன்று. தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும். மார்கழியில் தேங்காயெண்ணெய் பாட்டிலில் உறைவதைப் பார்த்திருப்பீர்கள், ஐஸ் மேல் பட்ட முதல் பாலுக்கும் அதுவே நேர்கிறது. கொழுப்பு குறைந்த இரண்டாம் பால்தான் இதற்குச் சரியானது. முதல் பாலைக் குழம்புக்கு எடுத்துவைத்துவிட்டு, அதே துருவலில் வெந்நீர் விட்டுப் பிழிந்த இரண்டாம் பாலை மெல்லிய துணியில் வடிகட்டி, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்து, மேலே ஆடை போல இறுகிய கொழுப்பை எடுத்துவிடுங்கள். இளஞ்சிவப்புப் பானத்துக்கு 150 மி.லி. தண்ணீருக்குப் பதிலாக இந்தப் பால் 120 மி.லி.யும் தண்ணீர் 30 மி.லி.யும் சேருங்கள், எலுமிச்சையை ஒரு தேக்கரண்டியாகக் குறையுங்கள். முதலில் பாகு, தண்ணீர், எலுமிச்சை மூன்றையும் ஐஸோடு குலுக்கி, பால் கடைசியில் போகட்டும். புளிப்பில் தேங்காய்ப்பாலின் புரதமும் சிறிது நேரம் கழித்துப் பிரியக் கூடியது. எனவே கலந்து வைத்துவிடாமல், கலந்ததும் குடிக்கக் கொடுங்கள். கடைகளில் பயன்படுத்தும் பெட்டித் தேங்காய்ப்பாலில் அது பிரியாதிருக்க ஜெல்லன் கம் போன்ற பசைப்பொருள்களைச் சேர்த்திருப்பார்கள். வீட்டுப் பாலில் அவை இல்லாததால் பிரிவது இயல்பு, கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம்.

பச்சைக் காபிக்கொட்டைச் சாரத்தைக் கட்டாயமாகச் சேர்க்க வேண்டுமா? சுவைக்காக வேண்டியதில்லை. காபியின் மணம் வறுக்கும்போதுதான் பிறக்கிறது; வறுக்காத கொட்டையில் புல்வாசமும் லேசான துவர்ப்பும்தான் உண்டு. கடையில் அது காஃபீனுக்காகச் சேர்க்கப்படுகிறது, 473 மி.லி. கோப்பையில் ஏறத்தாழ 45 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். நீங்கள் மகளுக்காகச் செய்வதால் அதை விட்டுவிடும்படியே சொல்வேன். பெரியவர்களுக்கு அந்தத் துவர்ப்பு வேண்டுமானால், காபிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடைகளில் பச்சைக் கொட்டையும் கேட்டால் கிடைக்கும். 10 கிராம் கொட்டையை 200 மி.லி. தண்ணீரில் இரவு ஊறவைத்து, அதே நீரில் கால் மணி நேரம் மெல்லக் கொதிக்கவைத்து, வடிகட்டிக் குளிரவைத்து, கிளாஸுக்கு இரண்டு மேசைக்கரண்டி சேர்க்கலாம். அசாயீயைத் தேடி அலைய வேண்டாம். அது பிரேசிலின் அமேசான் பகுதிப் பனை ஒன்றின் பழம்; இனிப்பே இல்லாத, கொழுப்பு நிறைந்த, மண்வாசம் கொண்ட சுவை அதற்கு; பறித்தபின் மிக விரைவில் கெட்டுவிடுவதால் வெளிநாடுகளுக்கு உறைந்த கூழாகவோ பொடியாகவோதான் வருகிறது. இந்தப் பானத்தில் அது இல்லாத குறை தெரியாது.

நிறம் போதவில்லை என்று பீட்ரூட் சாறு விடுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு தேக்கரண்டியிலேயே கிழங்கின் மண்வாசம் ஸ்ட்ராபெர்ரியை மூடிவிடுகிறது. அதைவிடச் செம்பருத்தி நல்லது. மருந்து தெளிக்காத ஐந்து செம்பருத்திப் பூக்களின் இதழ்களை அரை கிளாஸ் வெந்நீரில் போட்டால் நீர் மங்கிய ஊதாவாக மாறும். அதில் சில துளி எலுமிச்சை விழுந்ததும் கண்ணெதிரிலேயே பளிச்சென்ற சிவப்பாகிவிடும். அதே ஆந்தோசயனின் வகை நிறமிகள்தான் ஸ்ட்ராபெர்ரியிலும் உள்ளன; புளிப்பில் சிவந்து, புளிப்பு குறையக் குறைய மங்கி ஊதாவாகும். தேங்காய்ப்பால் சேர்த்ததும் நிறம் சாம்பல் பூத்தது போலாவதற்கும், இரண்டு துளி எலுமிச்சை அதை மீட்பதற்கும் இதுவே காரணம். கருவுற்றிருப்பவர்களுக்கு மட்டும் செம்பருத்தி சேர்க்காமல் கொடுங்கள்.

ஆடியை ஒட்டி நாவற்பழம் வரும் காலத்தில் இதே முறையை அதிலும் செய்து பாருங்கள். கொட்டையை நீக்கிய சதை 300 கிராமுக்கு அதே 150 கிராம் சர்க்கரை. உப்பை மட்டும் கால் தேக்கரண்டியாகக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். அதைத் தண்ணீரோடு மட்டும் கலக்குங்கள். தேங்காய்ப்பாலில் அதன் நிறம் கண்ணுக்கு இனிமையாக இருப்பதில்லை.

கடையில் மேலே தூவுவது உறையவைத்து உலர்த்திய பழத்துண்டுகள். பழத்தை உறையவைத்து, காற்றழுத்தத்தைக் குறைத்து, ஐஸை நேரடியாக ஆவியாக்கிச் செய்வதால் வடிவம் சுருங்காமல் சருகு போல இருக்கும். பானத்தில் விழுந்ததும் ஊறிச் சுவை விடும். இதை வீட்டில் செய்ய இயலாது. வெயிலில் காயவைத்த வற்றல் இதற்கு ஈடாகாது. நறுக்கி ஃப்ரீசரில் ஒற்றை வரிசையாக உறையவைத்த புதுப்பழ வில்லைகளைப் போட்டால், பாதி ஐஸின் வேலையையும் அவையே பார்த்துக்கொள்ளும்.

ஐஸ் தட்டை மூடி வையுங்கள். நம் வீட்டு ஃப்ரிட்ஜில் இட்லி மாவும், வெட்டிய வெங்காயமும், இலையில் சுற்றிய மல்லிகையும் ஒன்றாக இருக்கும். மூடாத ஐஸ் இந்த வாசனைகளையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஒரு முறை விருந்தினர் ஒருவர், ‘இதில் மல்லிகை போட்டிருக்கிறீர்களா?’ என்று உண்மையாகவே கேட்டார்.

சர்க்கரையைப் பற்றி ஒரு தாய்க்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மேற்சொன்ன அளவில் ஒரு கிளாஸில் ஏறத்தாழ 20 கிராம் சர்க்கரை சேருகிறது, அதாவது ஐந்து தேக்கரண்டி. பெரியவர் ஒருவருக்கே நாளொன்றுக்கு 25 கிராம் அளவுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டல். குழந்தைக்கு இதில் பாதிக் கிளாஸ் போதும். அதுவும் தினமும் வேண்டாம்.

பாகில் சர்க்கரை 40 சதவீதத்துக்கும் குறைவாகவே இருப்பதால், காய்ச்சிய நன்னாரிப் பாகைப் போல இது வெளியில் நிற்காது. ஃப்ரிட்ஜில் நான்கைந்து நாள்தான். அதற்குமேல் வேண்டுமானால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துவிட்டு, தேவைப்படும்போது கிளாஸுக்கு மூன்று கட்டிகளை எடுத்துக் கரையவிடலாம். வடிகட்டியில் தங்கிய பழத்துண்டுகளில் இனிப்பும் மணமும் இன்னும் நிறைய இருக்கும். அவற்றைச் சிறு வாணலியில் பத்து நிமிடம் கிளறினால் ஒரு கிண்ணம் ஜாம் ஆகும், கிளறப் பொறுமையில்லாத நாளில் கெட்டித் தயிரில் போட்டு உங்கள் மகளுக்குக் கொடுங்கள்.